எலக்ட்ரானின் ஆற்றல் யாருக்கு உரியது?

ஒரு பொருளின் பண்பு அப்பொருளுக்கே உரிய சொத்தா, அன்றி அது பிற பொருள்களோடு கொண்ட உறவில் தோன்றுவதா? சிந்தனையாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா இது. கல்லின் கனம் கல்லுக்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். அதே கல்லை நிலவுக்கு எடுத்துச் சென்றால் அதன் கனம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கல்லில் ஒரு துகளும் குறையவில்லை. அதை ஈர்க்கும் கோள்தான் மாறியது. ஆகவே 'கல்லின் கனம்' என்பது உண்மையில் கல்லுக்கும் கோளுக்கும் இடையே உள்ளது. பேச்சு வசதிக்காக அதைக் கல்லின் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்தப் பழைய வினா மிகத் தெளிவாகவும் மிக நுட்பமாகவும் எழும் இடம் ஒன்று உண்டு. அதுவே அணு. மேனிலைப் பள்ளியில் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள், "ஒவ்வோர் ஆர்பிட்டாலுக்கும் ஓர் ஆற்றல் உண்டு, எலக்ட்ரான்கள் குறைந்த ஆற்றலுடைய ஆர்பிட்டாலை முதலில் நிரப்பும்" என்று படிக்கின்றனர். இவ்வாக்கியத்தின் பொருள் என்ன? இங்குச் சொல்லப்படும் ஆற்றல் யாருக்கு உரியது? எலக்ட்ரானுக்கா, ஆர்பிட்டாலுக்கா, அணு முழுமைக்குமா? இதனோடு இன்னொரு வினாவும் சேர்ந்து வருகிறது. அது அறத்தைச் சார்ந்தது. முழுவதும் உண்மையல்லாத ஓர் எளிய வாக்கியத்தைக் கற்பவருக்கு உண்மையெனக் கொடுக்கலாமா? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒளி காட்டிய கணக்கு

ஹைட்ரஜன் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தினால் அது ஒளிரும். அவ்வொளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தால் வானவில்போல் தொடர்ச்சியான நிறங்கள் தோன்றுவதில்லை. கண்ணுக்குப் புலனாகும் பகுதியில் நான்கு கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 656, 486, 434, 410 நானோமீட்டர். சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த பால்மர், 1885இல், தமது அறுபதாம் வயதில், இந்நான்கு எண்களையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். சூத்திரம் சரியாக இருந்தது. அது ஏன் சரியாக இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

1913இல் டென்மார்க் நாட்டு அறிஞர் நீல்ஸ் போர் அதற்கு விடை கண்டார். ஹைட்ரஜன் அணு எல்லா ஆற்றல் அளவுகளையும் ஏற்பதில்லை. சில படிகளில் மட்டுமே நிற்கும். எலக்ட்ரான் வோல்ட் என்னும் அலகில் சொன்னால் முதற்படி மைனஸ் 13.6; இரண்டாம் படி மைனஸ் 3.4, மூன்றாம் படி மைனஸ் 1.5. அணு மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது, இடைப்பட்ட 1.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சிவப்பு ஒளியாக வெளிப்படுகிறது. பால்மர் அறிந்த 656 நானோமீட்டர் கோடு அதுவே.

இங்கே இரண்டு செய்திகளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, நமக்கு அளவையில் கிடைப்பது படிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே. படி தனியாக நின்று தன் உயரத்தை நமக்குச் சொல்வதில்லை. இரண்டாவது, மைனஸ் குறி. ஆற்றல் எவ்வாறு சுழியத்துக்கும் கீழே போகும் என்று மாணவர் திகைப்பதுண்டு. கிணற்றின் ஆழத்தை நாம் தரையிலிருந்து அளக்கிறோம். தரையைச் சுழியம் என்று கொண்டால் கிணற்று நீர் அதற்குக் கீழேதான் இருக்கும். அதுபோல, எலக்ட்ரான் அணுவை விட்டு முற்றிலும் விலகி ஓய்ந்து நிற்கும் நிலையைச் சுழியம் என்று அறிவியலார் வைத்துக்கொண்டனர். அதனினும் தாழ்ந்திருப்பது பிணைப்புண்டிருப்பதன் அடையாளம். மைனஸ் 13.6 என்றால், அந்த எலக்ட்ரானை விடுவிக்க 13.6 அலகு ஆற்றலை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே பொருள்.

அந்த 13.6 என்னும் எண்ணையும் பிரித்துப் பார்க்கலாம். எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் சராசரியாக 13.6, அதற்கும் அணுக்கருவுக்கும் இடையே உள்ள ஈர்ப்பினால் வரும் நிலை ஆற்றல் சராசரியாக மைனஸ் 27.2. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 13.6. இயக்கத்தை எலக்ட்ரானின் பெயரில் எழுதலாம். ஈர்ப்பை யார் பெயரில் எழுதுவது? அது இருவருக்கும் பொதுவானது. ஒரே ஓர் எலக்ட்ரான் உள்ள மிக எளிய அணுவிலேயே, 'எலக்ட்ரானின் ஆற்றல்' என்னும் சொல் ஒரு சுருக்கெழுத்தாகிவிடுகிறது.

பாதையும் நிலையும்

போர் கண்ட அணுவில் எலக்ட்ரான் கோள்களைப் போல வட்டப்பாதையில் சுற்றியது. அந்தப் படம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1926இல் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டைத் தந்தார். அதன் விடையாக வரும் அலைச்சார்பு, எலக்ட்ரானை ஓரிடத்தில் காண்பதற்குரிய வாய்ப்பைக் குறிக்கிறது என்று அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் விளக்கினார். இத்தகைய ஓர் எலக்ட்ரான் அலைச்சார்புக்கு 'ஆர்பிட்டால்' என்னும் பெயரை 1932இல் வழங்கியவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் மல்லிகன். பாதை என்னும் பொருள்படும் பழைய சொல்லின் சாயல் அதில் இருப்பினும், அது பாதையன்று. எலக்ட்ரான் குடியிருக்கும் அறையும் அன்று. அது ஒரு நிலை. மனிதன் ஒருவன் துயிலில் இருக்கிறான் என்று சொல்லும்போது துயில் என்பது அவன் படுத்திருக்கும் அறையைக் குறிப்பதில்லையல்லவா? அத்தகைய பொருளிலேயே எலக்ட்ரான் ஓர் ஆர்பிட்டாலில் 'இருக்கிறது' என்கிறோம்.

இரண்டாவது எலக்ட்ரான்

ஹைட்ரஜனை விட்டு அடுத்த தனிமமாகிய ஹீலியத்துக்கு வருவோம். அதில் எலக்ட்ரான்கள் இரண்டு. இரண்டும் ஒரே 1எஸ் ஆர்பிட்டாலில் உள்ளன. இது முதலாவது, அது இரண்டாவது என்று பெயரிட்டுப் பிரிக்கவும் இயலாது. இப்போது கேட்போம்: ஓர் எலக்ட்ரானின் ஆற்றல் எவ்வளவு?

அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. எஞ்சியதை விடுவிக்க 54.4 தேவை. இரண்டையும் நீக்க ஆகும் மொத்தம் 79.0. ஆக, விடை 24.6ஆ? 54.4ஆ? மொத்தத்தைச் சமமாகப் பங்கிட்டு 39.5 என்பதா? மூன்றுக்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு. மூன்றில் எதையும் முழு விடை என்று சொல்ல முடியாது.

காரணம் இதுதான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கம் இல்லாதிருந்தால் ஒவ்வொன்றையும் நீக்க 54.4 வீதம் மொத்தம் 108.8 ஆகியிருக்கும். உண்மையில் 79.0 மட்டுமே ஆகிறது. ஏறத்தாழ 30 அலகு குறைவு, இருவரும் ஒரே இடத்தில் வாழ்வதால் நேர்வது. அந்த முப்பதை எவர் கணக்கில் எழுதுவது?

இங்கிலாந்து அறிஞர் டக்ளஸ் ஹார்ட்ரீ 1928இல் இச்சிக்கலுக்கு ஒரு வழி வகுத்தார். ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி விளைவில் இயங்குவதாகக் கொள்வோம். முதலில் ஓர் உத்தேசத்தோடு தொடங்குவோம். கணக்கிட்டு வந்த விடையை உத்தேசத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். இரண்டும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவோம். கணினி இல்லாத 1930களில் இந்நீண்ட கணக்குகளைப் போடுவதில் அவருக்குப் பெருந்துணையாக இருந்தவர் அவருடைய தந்தை வில்லியம் ஹார்ட்ரீ. ரஷ்ய அறிஞர் ஃபாக் 1930இல் இம்முறையைச் செம்மைப்படுத்தினார்.

இம்முறைப்படி ஹீலியத்தின் 1எஸ் ஆர்பிட்டால் ஆற்றல் மைனஸ் 25.0. எலக்ட்ரான்கள் இரண்டு, எனவே மொத்தம் மைனஸ் 50.0 என்றுதானே கூட்டுவோம்? ஆனால் அதே கணக்கு அணுவின் மொத்த ஆற்றல் மைனஸ் 77.9 என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதில் முரண்பாடு இல்லை. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்குள் ஓயாத சண்டை. அண்ணன் வீட்டை விட்டுப் போனாலும் சண்டை தீரும். தம்பி போனாலும் தீரும். 'இவர் போனால் வீட்டில் எவ்வளவு சண்டை குறையும்?' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கெழுதினால், முழுச் சண்டையும் இருவர் பெயரிலும் வரும். இரண்டு கணக்கையும் கூட்டினால் சண்டை இரண்டாகிவிடும். வீட்டில் இருந்ததோ ஒரு சண்டைதான். ஹீலியத்திலும் இருமுறை எழுதப்பட்ட 27.9 அலகு விலக்கத்தை ஒருமுறை கழித்துவிட்டால் மைனஸ் 77.9 கிடைத்துவிடுகிறது. அளவையில் வந்த 79.0க்கும் இதற்கும் உள்ள சிறு வேறுபாடு, எலக்ட்ரான்கள் சராசரிக்கு மட்டும் கட்டுப்படாமல் ஒன்றையொன்று கணந்தோறும் விலகி நடப்பதால் வருவது.

ஆகவே ஆர்பிட்டால் ஆற்றல் என்பது ஒரு குறிப்பிட்ட கேள்விக்குரிய விடை. 'மற்றவை அனைத்தும் இருந்தபடியே இருக்க, இந்த ஒன்று மட்டும் விலகினால் அணுவின் ஆற்றல் எவ்வளவு மாறும்?' என்பதே அக்கேள்வி. இதனை 1934இல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டு இளைஞர் ஜாலிங் கூப்மன்ஸ். அவர் பின்னர் பொருளியலுக்கு மாறி, 1975இல் அத்துறையில் நோபல் பரிசும் பெற்றார். கேள்வியை மறந்துவிட்டு விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் குழப்பம் வரும் என்பதற்கு ஹீலியமே சான்று.

மாணவர் கேட்கும் நியாயமான ஐயம்

பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி. 3டியைவிட 4எஸ் ஆற்றலில் தாழ்ந்தது. ஆதலால் அது முதலில் நிரம்பும் என்பது விளக்கம். சில பக்கங்கள் கழித்து, இரும்பு அணு அயனியாகும்போது முதலில் 4எஸ் எலக்ட்ரான்களையே இழக்கும் என்று அதே நூலில் வருகிறது. கூர்மையுள்ள பிள்ளை உடனே கேட்கும்: "தாழ்ந்த படியில் இருப்பது கடைசியில் அல்லவா போக வேண்டும்? முதலில் எப்படிப் போகிறது?"

இக்கேள்விக்கு, "முதலில் வந்தது முதலில் போகும்; மனப்பாடம் செய்துகொள்" என்பதே பல இடங்களில் கிடைக்கும் மறுமொழி. உண்மையான விடை வேறு. பத்தொன்பது எலக்ட்ரான்களை உடைய மூன்றினை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். பொட்டாசியம் அணுவின் அணுக்கரு மின்சுமை 19. அதன் பத்தொன்பதாம் எலக்ட்ரான் 4எஸ் நிலையில் உள்ளது. கால்சியத்தின் அணுக்கரு மின்சுமை 20. அது ஓர் எலக்ட்ரானை இழந்த அயனியிலும் பத்தொன்பதாவது 4எஸ் நிலையிலேயே உள்ளது. ஸ்காண்டியத்தின் அணுக்கரு மின்சுமை 21. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அதன் அயனியில் பத்தொன்பதாவது 3டி நிலைக்கு மாறிவிடுகிறது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றே. அணுக்கரு வலுத்ததும் வரிசை மாறிவிட்டது.

4எஸ் அலைச்சார்பின் சிறு பகுதி உள் எலக்ட்ரான்களின் திரையைத் துளைத்து அணுக்கருவின் அருகே செல்கிறது. அதனால் பொட்டாசியத்தில் அது ஆதாயம் பெறுகிறது. அணுக்கருவின் மின்சுமை கூடக்கூட 3டி உள்நோக்கிச் சுருங்கி மிக விரைவாகத் தாழ்கிறது. ஸ்காண்டியத்திலிருந்து 3டியே தாழ்ந்தது எனலாம். அங்ஙனமாயின் ஸ்காண்டியம் அணுவில் 4எஸ் நிலையில் ஏன் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன? 3டி குறுகிய இடத்தில் அடங்கியிருப்பது; அதில் பலர் கூடினால் விலக்கம் மிகும். இரண்டு பேர் சற்று உயர்ந்ததாயினும் அகன்ற 4எஸ் நிலையில் இருந்தால் குடும்பத்தின் மொத்த ஆற்றல் குறைகிறது. அணு நாடுவது மொத்தத்தின் தாழ்வை. தனித்தனிப் படிகளின் தாழ்வையன்று. இரும்பு அயனியாகும்போது உயரத்தில் இருந்த 4எஸ் எலக்ட்ரான்கள் முதலில் விடைபெறுவதில் வியப்பொன்றும் இல்லை.

பள்ளியில் கற்பிக்கும் வரிசை, ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது நடுநிலை அணுக்களின் அமைப்பு எப்படி வளர்கிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகக் காட்டும் நினைவுக்குறிப்பு. குரோமியம், தாமிரம் போன்றவை அதற்கும் அடங்குவதில்லை. எல்லா அணுக்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஆற்றல் ஏணி என்று அதைக் கொள்ளும்போதே பிழை நேர்கிறது.

எளிமையும் வாய்மையும்

இனி அறத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். எளிமையாக்கிச் சொல்வது பொய்யாகுமா?

ஆகாது என்பதே நம் கருத்து. ஹார்ட்ரீயின் முறையே ஒரு தோராயம். அத்தோராயம் இல்லாவிடில் இன்றைய வேதியியலில் பெரும்பகுதி எழுந்திராது. ஹீலியத்துக்கு அது தரும் 25.0 என்னும் எண் அளவையில் வரும் 24.6க்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை முன்னரே கண்டோம். ஆகவே ஆர்பிட்டால் என்பது வெறுங்கற்பனை, அதைக் கற்பதே வீண் என்று பேசுவதும் தவறு. குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போது தசைகளின் இயக்கத்தை யாரும் விளக்குவதில்லை.

ஆசிரியர்களின் தரப்பையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நாற்பது நிமிட வகுப்பு, எதிரே ஐம்பது பிள்ளைகள், முன்னே பொதுத்தேர்வு. எல்லா விதிவிலக்குகளையும் சொல்லத் தொடங்கினால் விதியே பிள்ளைகளின் மனத்தில் பதியாது. இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும், எல்லாவற்றையும் சொல்லுமாறு எவரும் கேட்கவில்லை. "இது தோராயம், இதற்கு மேலும் உண்டு" என்னும் ஒரே வாக்கியம் போதும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு வாக்கியம் எளிமையை வாய்மையோடு சேர்த்துக் கட்டுகிறது. அது இல்லாதபோது, பயன்படு குறிப்பு ஒன்று முடிந்த முடிபாக வேடம் தரிக்கிறது.

அந்த வேடத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. நியாயமான ஐயத்தை எழுப்பிய பிள்ளை, குறை தன் அறிவில்தான் இருக்கிறது என்று எண்ணி அடங்கிவிடும். மறுமுறை கேட்காது. கேள்வி எழுப்பாத பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கும். கேட்ட பிள்ளைக்குக் கிடைப்பது கூச்சம். உண்மையை நெருங்கியவரே தண்டிக்கப்படும் இந்நிலையைக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

மிகைப்படுத்தல் பள்ளி அளவில் நிற்பதும் இல்லை. 1999இல் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழ், தாமிர ஆக்சைடு படிகத்தில் ஆர்பிட்டால்கள் கண்ணெதிரே காணப்பட்டன என்னும் பொருள்பட அட்டையில் அறிவித்தது. ஆய்வு சிறந்த ஆய்வே. ஆனால் அதில் அளக்கப்பட்டது எலக்ட்ரான் அடர்த்தி. பல எலக்ட்ரான்கள் உள்ள பொருளில் தனி ஆர்பிட்டால் என்பது நேரே காணத்தக்கதன்று என்று எரிக் செர்ரி முதலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். கண்டதற்கும் கண்டதைக் கொண்டு வரைந்த படத்துக்கும் உள்ள இடைவெளியை மறைக்காமல் சொல்லும் கடமை, பெரிய ஆய்வாளருக்கும் சிறிய ஆசிரியருக்கும் ஒன்றே.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் நாமும் ஒரு மிகைக்கு ஆளாகாமல் காத்துக்கொள்ள வேண்டும். எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே சரியான கூற்று என்னும் கருத்து அநேகாந்தத்தில் பழகிய நமக்குப் புதியதன்று. அதனால், அணுவைப் பற்றிய இன்றைய கணக்குகள் எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று பெருமை பேசினால் இரு தரப்புக்கும் அநீதி செய்தவர்களாவோம். முன்னோர் நூல்களில் வரும் பரமாணு வேறு. ஆய்வகத்தில் அளக்கப்படும் அணு வேறு. ஹீலியத்தின் 24.6ஐ எவரும் தியானத்தில் கண்டதில்லை, அளந்தே கண்டனர்.

அவ்வாறே, எலக்ட்ரான்களைப் பார்த்து மனிதர் நன்னெறி கற்கலாம் என்றும் நாம் சொல்லவில்லை. எலக்ட்ரானுக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை, வினைப்பயனும் இல்லை. அண்ணன் தம்பி உவமை நாம் விளங்கிக்கொள்வதற்காக வந்தது. அதன் வேலை அத்தோடு முடிந்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது கேள்வி கேட்கும் ஒழுங்கு ஒன்றுதான். ஒரு பண்பை ஒருவர் பெயரில் எழுதுமுன், அது அவருக்கு மட்டுமே உரியதா, உடனிருப்போரும் சூழலும் சேர்ந்து விளைவித்ததா என்று கேட்பது. ஓர் எண்ணைக் கையில் எடுக்குமுன், அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று கேட்பது. பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும்போதும், குடும்பத்தில் யாரால் உயர்வு, யாரால் தாழ்வு என்று பேசும்போதும் இவ்விரு கேள்விகளையும் நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பல கசப்புகள் நம் இல்லங்களில் எழுந்திரா.

மேனிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை நாளை நம்மிடம் வந்து 4எஸ், 3டி என்று ஏதோ கேட்கலாம். நமக்கு விடை தெரியாதிருக்கலாம். "நல்ல கேள்வி, எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் சேர்ந்து கேட்போம்" என்று சொல்வதற்கு வேதியியல் அறிவு வேண்டியதில்லை. வாய்மையில் சிறிது பற்று இருந்தால் போதும்.